நரியும் நீர்நாயும் போட்ட ஏரி ஒப்பந்தம்

இரண்டு காடுகளுக்கு நடுவே ஒரு ஆறு ஓடியது. தெற்குக் கரையில் மூங்கில் காடு. அங்கே யானை ராஜா. வடக்குக் கரையில் முள்காடு. அங்கே காட்டுப்பன்றி ராஜா. யானையின் சட்டம் தெற்குக் கரையோடு நின்றுவிடும். பன்றியின் சட்டம் வடக்குக் கரையோடு நின்றுவிடும். ஆனால் உப்பு மண், புளியம்பழம், தேனடை என்று சரக்கு மட்டும் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் போய்வந்துகொண்டே இருக்கும்.

மூங்கில் காட்டு ஓடையில் ஒரு மடு இருந்தது. அதில் சிலம்பாயி என்ற நீர்நாய் குடியிருந்தது. கூடவே அதன் வீட்டுக்காரர் ஒச்சப்பனும், பிறந்து இரண்டு மாதமே ஆன நாலு குட்டிகளும்.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. மாசி மாதமே மடு சுருங்க ஆரம்பித்தது. குட்டிகளின் கழுத்து வரைக்கும் இருந்த தண்ணீர், ஒரே வாரத்தில் நெஞ்சு வரைக்கும் இறங்கியது. சித்திரைக்குள் மடு காய்ந்துவிடும். தண்ணீர் இல்லாவிட்டால் மீன் இல்லை. மீன் இல்லாவிட்டால் சிலம்பாயிக்குப் பால் இல்லை. பால் இல்லாவிட்டால் குட்டிகள் இல்லை. அவ்வளவுதான் கணக்கு.

ஆற்றிலேயே போய் இருக்கலாமே என்று கேட்பீர்கள். ஆற்றின் ஆழமான கசத்தில் முதலைகள் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கின்றன. ஆழமில்லாத துறைப் பக்கமாகப் பெரியவர்கள் ஓடிக் கடந்துவிடலாம். குட்டிகளை வைத்துக்கொண்டு குடித்தனம் நடத்த முடியுமா?

முள்காட்டில் ஒரு பெரிய ஏரி இருந்தது. அதுவும் வற்றிக்கொண்டுதான் வந்தது. ஆற்றிலிருந்து ஏரிக்கு வரும் வாய்க்காலில் வண்டல் மண் அடைத்துக்கொண்டு, மூன்று வருஷமாகச் சொட்டுத் தண்ணீர் வரவில்லை. மான்களுக்குக் குளம்பால் அவ்வளவு மண் தோண்டத் தெரியாது. பன்றிகள் தோண்டினால் கரையே உடைந்துவிடும். வண்டல் மண்ணைப் பதமாகத் தோண்டுவதற்கு நீர்நாயை விட்டால் ஆள் கிடையாது.

இந்தச் செய்தியைச் சிலம்பாயியிடம் கொண்டுவந்தது ஒரு காக்கை. அதற்குத் தரகு வேலை. இரண்டு காட்டுக்கும் நடுவே எந்த வியாபாரம் நடந்தாலும் அதன் மூக்கு அங்கே இருக்கும்.

"சிலம்பாயி அக்கா! உனக்குத் தண்ணி வேணும், அவங்களுக்கு வாய்க்கால் வேணும். பேசி முடிச்சுடலாமா?"

"புண்ணியமாப் போகும்டா தம்பி! உடனே கூட்டிட்டு வா!"

மறுநாள் காலையில் முள்காட்டின் ஏரிக் காரியங்களைக் கவனிக்கும் நரி பொன்னுரங்கம் வந்து சேர்ந்தது. ஆள் நல்ல தோற்றம். பேச்சும் வெல்லப்பாகு.

"அடடே தங்கச்சி! குட்டிங்க நாலும் முத்து முத்தா இருக்கே! இதுங்க கஷ்டப்படலாமா? நம்ம ஏரி எதுக்கு இருக்கு?"

சிலம்பாயிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பெற்றவளிடம் பிள்ளையைப் புகழ்ந்தால் அப்புறம் கேட்க வேண்டுமா?

பேச்சு ஆரம்பித்தது. சிலம்பாயி வாய்க்காலைத் தூர் எடுத்துத் தர வேண்டும். பதிலுக்குப் பங்குனி முதல் மழைக்காலம் வரை ஏரியின் கீழ்க்கோடியில் குடும்பத்தோடு குடியிருந்துகொள்ளலாம். அதில் தகராறே இல்லை. தகராறெல்லாம் மீனில்தான்!

"கெளுத்தி சாப்பிட்டுக்கோ. விரால் மட்டும் தொடக் கூடாது!" என்றது நரி.

"விரால் இல்லாம குட்டிங்களுக்கு உடம்பு எப்படித் தேறும்? வாரத்துக்கு ரெண்டு விராலாவது வேணும்!" என்றது சிலம்பாயி.

"ஒண்ணு!"

"ரெண்டு!"

இப்படியே ஒரு நாள் முழுக்கப் போனது. கடைசியில் வாரத்துக்கு ஒரு விரால், அமாவாசையன்றைக்கு இரண்டு என்று முடிந்தது. தவளைக்கு அரை நாள். நண்டுக்கு அரை நாள். குட்டிகள் கரையில் சறுக்கி விளையாடலாமா கூடாதா என்பதற்கு இன்னொரு நாள். ஒன்று விடவில்லை!

எல்லாம் முடிந்ததும் காக்கை தொண்டையைச் செருமியது.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு பாக்கி. நாளைக்கு உங்க ரெண்டு பேருக்கும் ஏதாச்சும் தகராறு வந்தா எங்கே போய்ப் பேசித் தீர்க்கறது? எந்தக் காட்டுச் சட்டப்படி?"

சிலம்பாயி இரண்டு காதையும் பொத்திக்கொண்டது.

"சீ! வாயைக் கழுவு! நல்ல காரியம் பேசற நேரத்துல சண்டையைப் பத்திப் பேசறியே, உருப்படுமா?"

"அதானே!" என்றது நரி. "நாங்க அண்ணன் தங்கச்சியாப் பழகறோம். எங்களுக்குள்ள என்னடா தகராறு? அபசகுனமாப் பேசாதே!"

காக்கை இறக்கையை உதறிக்கொண்டு அந்தப் பேச்சை விட்டுவிட்டது. பாருங்கள், வாரத்துக்கு எத்தனை விரால் என்று பேச ஒரு நாள் செலவழித்தவர்கள், இதைப் பேச ஒரு நிமிஷம் ஒதுக்கவில்லை! நல்ல நாளில் கெட்டதைப் பேசினால் கெட்டது வந்துவிடுமாம். பேசாவிட்டால் மட்டும் வராமல் இருந்துவிடுமா?

மூங்கில் காட்டு வழக்கம் என்னவென்றால், ஒப்பந்தம் முடிந்ததும் இரண்டு பேரும் ஈரச் சேற்றில் மூன்று தரம் வாலை அடிக்க வேண்டும். அடித்துவிட்டால் மாற்றுப் பேச்சுக் கிடையாது. சிலம்பாயி பட் பட் பட் என்று அடித்தது. நரியும் தன் புசுபுசு வாலைச் சேற்றில் மூன்று தரம் அடித்துவிட்டு, "ஐயய்யோ, வாலெல்லாம் சேறு!" என்று சிரித்தது.

"ஒரு வாய் மீன் சாப்பிட்டுட்டுப் போங்கண்ணே" என்று சிலம்பாயி தேக்கிலையை விரித்தது.

"வேணாம் தங்கச்சி. இன்னிக்கு எனக்கு விரதம்."

நரிக்கு விரதமாம்! அதுவும் மீன் வாசம் மூக்கைத் துளைக்கும் இடத்தில் உட்கார்ந்துகொண்டு! நானாக இருந்தால் அப்போதே சந்தேகப்பட்டிருப்பேன். சிலம்பாயி சந்தேகப்படவில்லை. "பக்தியான மனுஷர்" என்று ஒச்சப்பனிடம் சொல்லி மாய்ந்துபோனது.

மறுநாளே வேலை தொடங்கியது. சிலம்பாயி விடியற்காலையில் துறை வழியாக ஆற்றைக் கடக்கும். நாளெல்லாம் வாய்க்காலில் மண் அள்ளும். பொழுது சாய்வதற்குள் திரும்பி வந்து குட்டிகளுக்குப் பால் கொடுக்கும். பகலில் குட்டிகளை ஒச்சப்பன் பார்த்துக்கொண்டது. வண்டல் இறுகிக் கல்லாகக் கிடந்தது. மூன்றாம் நாளே சிலம்பாயியின் நகங்கள் தேய்ந்து ரத்தம் கசிந்தது.

நரி தினமும் கரை மேலே நின்று மேற்பார்வை பார்க்கும்.

"அங்கே இன்னும் ஒரு சாண் ஆழம்! இங்கே ஓரத்தைச் சரி பண்ணு! கோணலாப் போகுது பார்!"

ஏழாம் நாள் கடைக்குட்டிக்கு வயிற்றுப்போக்கு. சிலம்பாயி வேலைக்கு வரவில்லை. எட்டாம் நாள் நரி குதி குதியென்று குதித்தது.

"நேத்து ஏன் வரலை? பேச்சு பேச்சா இருக்கணும்! ஒப்பந்தப்படி வேலை முடியலைன்னா ஏரிக் கரையில கால் வைக்க விடமாட்டேன், தெரிஞ்சுக்கோ!"

அங்கே புளியங்கிளையில் உட்கார்ந்திருந்த காக்கைக்குக்கூட இது ரொம்பவும் அதிகமாகப் பட்டது. சிலம்பாயி குனிந்து தோண்டியது.

பன்னிரண்டாம் நாள் கடைசி அடைப்பும் விலகியது. ஆற்றுத் தண்ணீர் சலசலவென்று வாய்க்காலில் இறங்கி ஏரிக்கு ஓடியது. முள்காட்டு மான்களும் முயல்களும் துள்ளிக் குதித்தன. சிலம்பாயி ரத்தம் கசியும் கைகளை அந்தத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு, "இனி என் பிள்ளைங்க பிழைச்சுக்கும்" என்று அழுதது.

பங்குனி பிறந்தது. மடுவில் தண்ணீர் குட்டிகளின் முழங்கால் வரைக்கும் இறங்கிவிட்டது. சிலம்பாயி முதலில் தான் மட்டும் ஏரிக்குப் போனது, தங்க ஒரு வளை பார்த்து வைக்க. ஏரிக் கரையில் நரி காலை அகட்டிக்கொண்டு வழிமறித்தது.

"யாரது? எங்கே வந்தே?"

"என்னண்ணே இப்படிக் கேக்கறீங்க? நான்தான் சிலம்பாயி! ஒப்பந்தப்படி குடி வர்றோமே!"

"ஒப்பந்தமா? எந்த ஒப்பந்தம்?"

சிலம்பாயி தன் வாலைத் தூக்கிக் காட்டியது.

"சேத்துல வால் அடிச்சோமே! மூணு தரம்!"

"அது உங்க காட்டு வழக்கம். எங்க முள்காட்டுல ரெண்டு பேரும் ஒரே இலையில ஒரு வாய் சாப்பிட்டாத்தான் ஒப்பந்தம். நாம சாப்பிட்டோமா? நான்தான் விரதமாச்சே!"

"அண்ணே! என் குட்டிங்க செத்துப்போயிடும்ணே!"

"அதுக்கு நான் என்ன பண்றது? ஏரி இப்பத்தான் பாதி நிறைஞ்சிருக்கு. இருக்கற மீன் எங்களுக்கே பத்தாது. போ, போ!"

எப்படி இருக்கிறது கதை! பன்னிரண்டு நாள் உழைப்பை வாங்கி விழுங்கிவிட்டு, ஏப்பம்கூட விடவில்லை அந்தப் படுபாவி.

சிலம்பாயி அலறி அடித்துக்கொண்டு யானை ராஜாவிடம் ஓடியது. யானை எல்லாவற்றையும் காது ஆட்டாமல் கேட்டது.

"மூணு தரம் வால் அடிச்சாச்சா? அப்புறம் என்ன? ஒப்பந்தம் செல்லும்! நரி ஏரியைத் திறந்துவிடணும்!" என்று பிளிறியது. தீர்ப்புக்கு அடையாளமாக ஒரு வாழை மட்டையில் தன் தந்தத்தால் கீறியும் கொடுத்தது.

சிலம்பாயி அந்த மட்டையைக் கவ்விக்கொண்டு ஆற்றைக் கடந்தது. நரி அதை மோந்து பார்த்துவிட்டுக் கெக்கெக்கே என்று சிரித்தது.

"யானை தீர்ப்பு ஆத்தோட போச்சு! இந்தக் கரையில இது வெறும் வாழை மட்டை. வேணும்னா எங்க ராஜாகிட்ட வந்து கேளு!"

கேட்டது. காட்டுப்பன்றி ராஜா கெட்டவர் இல்லை. சிலம்பாயியின் கைப் புண்ணைப் பார்த்து அவருக்கே மனசு சங்கடப்பட்டது. ஆனால் சட்டம் என்று வந்துவிட்டால் அவர் ஒரு முள்ளும் பிசகமாட்டார்.

"ஒரே இலையில சாப்பிட்டீங்களாம்மா?"

"இல்லைங்க ராஜா."

"அப்ப எங்க சட்டப்படி ஒப்பந்தம் இல்லையேம்மா. நான் என்ன செய்ய?"

ஆக, ஒரே ஒப்பந்தம். தெற்கே செல்லும். வடக்கே செல்லாது. யானை ராஜா ஆற்றைத் தாண்டி வந்து நரியை மிரட்டலாமென்றால் இரண்டு காட்டுக்கும் போர் மூண்டுவிடும். சிலம்பாயி திரும்பி மடுவுக்கு வந்து பார்த்தது. தண்ணீர் குட்டிகளின் பாதத்தை நனைத்துக்கொண்டிருந்தது. அவ்வளவுதான் மிச்சம். ஒச்சப்பன் ஒவ்வொரு குட்டியாகச் சேற்றில் புரட்டி உடம்பைக் குளிர்த்திக்கொண்டிருந்தது.

"நான்தான் இதுங்களைக் கொன்னுட்டேன்" என்று சிலம்பாயி தலையில் அடித்துக்கொண்டது. "அன்னிக்குக் காக்கை கேட்டுச்சு. நான்தான் வாயை அடைச்சேன்!"

காக்கைக்குக் கேட்கப் பொறுக்கவில்லை. "அழுதது போதும்க்கா. இன்னும் ஒரு வழி இருக்கு" என்று சொல்லிவிட்டு நேரே முள்காட்டுக்குப் பறந்தது. பன்றி ராஜா முன்னால் போய் இறங்கி, பட்டென்று விஷயத்தைச் சொன்னது.

"ராஜா! பொன்னுரங்கம் சேத்துல வால் அடிச்சுட்டு ஏமாத்தின கதை தெற்குக் காடு முழுக்கப் பரவிடுச்சு. உங்க மான்களுக்கு வர வேண்டிய உப்பு மண்ணை நிறுத்தி வெச்சுட்டாங்க. 'அவங்களோட எப்படிப் பேசி முடிக்கறது, பேசினா செல்லுமா'ன்னு கேக்கறாங்க. இனிமே உங்க காட்டுக்காகத் தரகு பேச என்னாலயும் முடியாது!"

பன்றி ராஜாவின் பிடரி மயிர் குத்திட்டு நின்றது. உப்பு மண் வராவிட்டால் மான் கூட்டமே நோயில் படுத்துவிடும்.

"இதுக்கு என்ன பண்றது?"

"ஆத்து நடுவுல ஒரு மணல்திட்டு இருக்கு. அது உங்க சட்டத்துக்கும் வராது, அவங்க சட்டத்துக்கும் வராது. அங்கே ஒரு கூழைக்கடா வந்து தங்கியிருக்கு. பத்து ஏரி பார்த்த பறவை. ரெண்டு காட்டுக்கும் சொந்தமில்லை. அது சொல்றதை ரெண்டு பேரும் கேட்டுக்கட்டும்!"

"பொன்னுரங்கம்! கிளம்பு!" என்றார் ராஜா.

நரி பயப்படவில்லை. தன் வாய்ச் சாமர்த்தியத்தின் மேல் அதற்கு அவ்வளவு நம்பிக்கை. மறுநாள் காலையில் நரியும் சிலம்பாயியும் காக்கையும் மணல்திட்டுக்கு வந்தார்கள். தெற்குக் கரையில் யானை வந்து நின்றது. வடக்குக் கரையில் பன்றியும் மான்களும் நின்றார்கள்.

கூழைக்கடா நீண்ட அலகை மார்பில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதன் முதல் பேச்சே வேறு மாதிரி இருந்தது.

"வழக்கைக் கேக்கறதுக்கு முன்னாடி ஒரு விஷயம். நான் என்ன சொன்னாலும் ரெண்டு பேரும் ஒத்துக்குவீங்களா?"

"ஒத்துக்குவோம்!"

"வாயால சொன்னா ஆகாது. ரெண்டு பேரும் சேத்துல மூணு தரம் வாலை அடிங்க. அப்புறம் ஒரே இலையில ஒரு வாய் சாப்பிடுங்க. நாளைக்கு ஒருத்தரும் 'அது எங்க வழக்கமில்லை'ன்னு சொல்லக் கூடாது பாருங்க!"

காக்கை 'அடேங்கப்பா!' என்று தலையை ஆட்டியது. நரிக்கு வேறு வழியில்லை. வாலை அடித்தது. சிலம்பாயி வைத்த கெளுத்தியில் ஒரு துண்டு தின்றது. இன்றைக்கு விரதம் எதுவும் இல்லை போலிருக்கிறது!

"இப்பச் சொல்லுப்பா" என்றது கூழைக்கடா.

"ஐயா, எங்க காட்டுல ஒரே இலையில சாப்பிட்டாத்தான் ஒப்பந்தம். வேலை நடந்ததும் எங்க காட்டுல. ஏரி இருக்கறதும் எங்க காட்டுல. அப்ப எங்க சட்டம்தானே? நாங்க சாப்பிடலை. அதனால ஒப்பந்தமே இல்லை!" என்று நரி கணீரென்று சொன்னது.

கூழைக்கடா சிலம்பாயியைப் பார்த்தது. "நீ என்னம்மா சொல்றே?"

சிலம்பாயி முன்னால் வந்தது. இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டியது. நகம் இருந்த இடமெல்லாம் புண்.

"சரி" என்றது கூழைக்கடா. "பொன்னுரங்கம், இந்த அம்மா தோண்டின பன்னிரண்டு நாளும் நீ எங்கே இருந்தே?"

"கரை மேலதான் இருந்தேன்."

"என்ன பண்ணினே?"

"சும்மா பார்த்துட்டிருந்தேன்."

"பொய்!" என்று காக்கை கத்தியது. "'ஒப்பந்தப்படி வேலை முடியலைன்னா கால் வைக்க விடமாட்டேன்'னு கத்தினே! நான் என் காதால கேட்டேன்!"

"அப்படியா? ஒப்பந்தமே இல்லைன்னா, எந்த ஒப்பந்தப்படின்னு மிரட்டினே?" என்றது கூழைக்கடா.

நரி வசமாக மாட்டிக்கொண்டது. ஆனாலும் நரி நரிதானே! ஒரு நிமிஷத்தில் சமாளித்துக்கொண்டது.

"அது... ஏதோ வாய்தவறி வந்த வார்த்தைங்க ஐயா. அதையெல்லாம் கணக்குல எடுத்துக்கலாமா? இலை இல்லை, ஒப்பந்தம் இல்லை. நான் சொல்றது அவ்வளவுதான்!"

கூழைக்கடா நரியின் பக்கம் அலகைத் திருப்பியது.

"உன் பேச்சுப்படியே வெச்சுக்குவோம். ஒப்பந்தம் இருக்குன்னா ஏரியைக் கொடுக்கணும். ஒப்பந்தம் இல்லைன்னா, வாங்கினதைத் திருப்பிக் கொடுக்கணும். ஒண்ணைத் தேர்ந்தெடு!"

நரி விழுந்து விழுந்து சிரித்தது.

"வாங்கினது வாய்க்கால்தானே? நல்லா எடுத்துக்கிட்டுப் போகட்டுமே! சுருட்டிக் கக்கத்துல வெச்சுக்கிட்டுப் போம்மா!"

சிலம்பாயி இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டது. உழைப்பை எப்படித் திருப்பி வாங்குவது? பன்னிரண்டு நாளை யார் திருப்பித் தர முடியும்?

"அம்மா" என்றது கூழைக்கடா. "தோண்டின மண் எங்கே இருக்கு?"

"வாய்க்கால் கரையிலேயே குவிச்சு வெச்சிருக்கேன் ஐயா."

"அப்ப எழுந்திரு. போய் உன் வேலையைத் திருப்பி எடுத்துக்கோ."

சிலம்பாயி ஒரு நிமிஷம் விழித்தது. அப்புறம் எழுந்து ஓடியது. யானையைத் தவிர எல்லோரும் பின்னாலேயே ஓடினார்கள்.

வாய்க்கால் வாயில் நின்றுகொண்டு சிலம்பாயி முதல் மண்கட்டியை உள்ளே தள்ளியது. தொப்! இன்னொன்று. தொப்! தள்ளத் தள்ள அதன் கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது. அடைபடுவது தன் பிள்ளைகளின் தண்ணீரும்தான் என்று அதற்குத் தெரியும். ஆனாலும் நிறுத்தவில்லை. புண்ணான கைகளால் தள்ளிக்கொண்டே இருந்தது.

சலசலவென்று ஓடிய தண்ணீர் கையகலத்துக்குச் சுருங்கியது. அப்புறம் விரலகலத்துக்குச் சுருங்கியது. ஏரி இன்னும் பாதிதான் நிறைந்திருந்தது. ஆற்றிலோ இன்னும் பத்து நாளைக்குத்தான் வாய்க்கால் மட்டத்துக்குத் தண்ணீர் வரும். இப்போது அடைத்துவிட்டால், ஆடி மாதம் முள்காட்டுக்கே குடிக்கத் தண்ணீர் கிடையாது!

முதலில் ஒரு முயல் அலறியது. "ஐயோ, தண்ணி நிக்குது!"

"பொன்னுரங்கம்! என்னய்யா இது!" என்று மான்கள் கத்தின.

"நிறுத்தச் சொல்லு!"

"நான் எப்படி நிறுத்தச் சொல்றது?" என்று நரி திருதிருவென்று விழித்தது. "நம்ம சட்டப்படி ஒப்பந்தம் இல்லைன்னு..."

பன்றி ராஜா நரியின் காதருகே வந்து உறுமினார். "டேய்! ஏரி வத்திப்போனா அந்தச் சட்டத்தை எதுல கரைச்சுக் குடிப்பே? ஒப்பந்தம் இருக்குன்னு சொல்லுடா!"

தொப்! விரலகலமும் நின்றது. ஒரு சொட்டு, இரண்டு சொட்டு. அவ்வளவுதான்.

"இருக்கு!" என்று நரி வீறிட்டது. "ஒப்பந்தம் இருக்கு! இருக்கு, இருக்கு! ஏரியில குடியிருக்கட்டும்! நிறுத்தச் சொல்லுங்க!"

"ரெண்டு கரைக்கும் கேக்கற மாதிரி சொல்லு" என்றது கூழைக்கடா.

நரி தொண்டை கிழியக் கத்தியது. தெற்குக் கரையில் நின்ற யானை தும்பிக்கையைத் தூக்கி, 'கேட்டது!' என்று பிளிறியது. சிலம்பாயி கையிலிருந்த மண்ணைக் கீழே போட்டுவிட்டு அப்படியே மடங்கி உட்கார்ந்தது. எவ்வளவு பெரிய பாரம் இறங்கிவிட்டது!

ஆனால் ஓய்வெடுக்க நேரமில்லை. அது எழுந்து ஒரே ஓட்டமாக மடுவுக்கு ஓடியது. மடுவில் தண்ணீரைக் காணோம். வெறும் சேறு. ஒச்சப்பன் மூன்று குட்டிகளை அணைத்துக்கொண்டு நின்றது.

"கடைக்குட்டி எங்கே? எங்கேங்க கடைக்குட்டி?"

"இப்ப இங்கதான இருந்துச்சு!"

சிலம்பாயிக்கு உயிரே போய்விட்டது. மூங்கில் வேர்களைப் பிறாண்டியது, பாறை இடுக்கில் மூக்கை நுழைத்தது. கடைசியில் ஒரு வேருக்கு அடியில், மிச்சமிருந்த கொஞ்ச ஈரத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கடைக்குட்டி தூங்கிக்கொண்டிருந்தது. சிலம்பாயி அதைக் கவ்வித் தூக்கியதும், "என்னம்மா, சாப்பாடா?" என்று கேட்டது அந்தக் கழுதை! பெற்றவளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

வாயில் ஒன்றும் முதுகில் ஒன்றுமாகக் குட்டிகளைச் சுமந்துகொண்டு இரண்டு பேரும் துறையில் இறங்கினார்கள். கசத்திலிருந்து முதலை ஒன்று மெல்லத் தலையைத் தூக்கியது. அதைப் பார்த்துவிட்டுப் பன்றி ராஜா தாமே தண்ணீரில் இறங்கி, கோரைப்பல்லைக் காட்டிக்கொண்டு குறுக்கே நின்றார். முதலை பேசாமல் அமிழ்ந்துவிட்டது.

"சட்டம் வேற, மனசு வேறம்மா" என்று அவர் சிலம்பாயியிடம் முணுமுணுத்தார். "நீ பயப்படாமப் போ."

ஏரிக் கரையில் குட்டிகளை இறக்கிவிட்டதும் நாலும் மிரண்டு நின்றன. அவ்வளவு தண்ணீரை அவை பார்த்ததே இல்லை. ஒன்று காலை நனைத்துப் பார்த்தது. இன்னொன்று அதைப் பிடித்துத் தள்ளியது. சளார்! அப்புறம் நாலும் உள்ளே போய், நாலும் மேலே வந்து, கத்திக் கூச்சல் போட்டு ஏரியைக் கலக்கிவிட்டன. சிலம்பாயியின் வயிற்றில் பால் வார்த்ததுபோல இருந்தது. புண்ணான கைகளைத் தண்ணீரில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, பெருமூச்சு விட்டது. அந்த மாசி மாதத்துக்கு அப்புறம் அது நிம்மதியாக விட்ட முதல் மூச்சு அதுதான்.

அடைத்துவிட்ட வாய்க்காலை மறுபடி தோண்டியது யார் என்று கேட்கிறீர்களா? வேறு யார், பொன்னுரங்கம்தான்! பன்றி ராஜா கரை மேலே நின்று மேற்பார்வை பார்த்தார். நரிக்கு நகம் தேய்ந்தது, முதுகு வலித்தது, ஒரு நாள்கூட விடுமுறை கிடைக்கவில்லை. நாலாம் நாள் தண்ணீர் மறுபடியும் ஓடியது. உப்பு மண்ணும் வந்து சேர்ந்தது. அந்தக் கோடையில் இரண்டு காட்டிலும் தாகத்தால் ஒரு உயிர்கூடப் போகவில்லை.

ஆகவே, யாரோடு எந்த ஒப்பந்தம் போட்டாலும், பிணக்கு வந்தால் எங்கே, யார் முன்னால், எந்தச் சட்டப்படி தீர்த்துக்கொள்வது என்பதைச் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே முடிவு செய்துவிட வேண்டும்.